கன்னத்தில் வைத்த கை

நம் கரையில் பிறந்து, இன்று ஆளுக்கொரு திசையில் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அண்மையில் ஒரு திருமணப் பந்தியில் என் பெரியப்பாவைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டதை எதிர்வரிசையிலிருந்து கேட்டேன். அவர் ஊர் நாட்டாரைத் துடுப்பால் அடித்தாராம். செங்கல்பட்டு மருத்துவரின் விரலைக் கடித்துத் துப்பினாராம். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி அவரை மணந்துகொள்ள வேண்டி அழுதாளாம். பாயசம் ஆறும்வரை சிரித்தீர்கள். முந்திய திருமணத்தில் துடுப்பு இல்லை, வெறுங்கைதான் இருந்தது. அடுத்த திருமணத்தில் அது கோடரியாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

ஆகவே, உறுதியானவற்றை மட்டும் எழுதிவைக்கிறேன். நான் கண்ணால் கண்டவை, என் தாய் தம் வாயால் சொல்லி, பல ஆண்டுகள் கழித்து நான் திரும்பக் கேட்டபோதும் மாறாதிருந்தவை, இவ்விரண்டைத் தவிர வேறெதற்கும் இங்கே இடமில்லை. ஆண்டு எது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது; எழுபதுகளில் ஒன்று. பருத்தி வலைகள் போய் நைலான் வலைகள் வந்துவிட்டிருந்தன. இறால் வாங்கப் பனிக்கட்டி ஏற்றிய வண்டி நம் கரைக்கு வரத் தொடங்கியிருந்தது. மாமல்லபுரத்துக் கல் தச்சர்களின் உளியோசை, காற்று தெற்கிலிருந்து வீசும் நாட்களில் நம் சவுக்குத் தோப்புவரை கேட்கும். இவ்வளவு போதும்.

என் தந்தையின் அண்ணன் அவர். மனைவி இல்லை, எங்கள் வீட்டில் உண்டார். தோளில் ஏதோ முறிவு ஏற்பட்டதால் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, கரையோரக் கீற்றுக் கொட்டகையில் கிழிந்த வலைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊர் அவரைச் சிடுமூஞ்சி என்றது. அதில் பொய் இல்லை. காகம் கரைந்தால் காகத்துக்கு வசவு. கரையாவிட்டால், "இன்னா ஊமையாட்டம் குந்திகினு கீற?" என்று அதற்கும் வசவு. அவருக்கு உள்ளூர ஒரு தங்க மனம் இருந்தது என்று எழுதி உங்களை மகிழ்விக்க மாட்டேன். நான் நீட்டிய தண்ணீர்ச் செம்பை, நீர் தளும்பியதற்காக ஒருமுறையும், தளும்பாமல் குறைவாக இருந்ததற்காக மறுமுறையும் மணலில் கவிழ்த்தவர் அவர்.

அவரருகே கிராம்பு மணக்கும். பெரியப்பா எங்கோ பலகாரம் ஒளித்துவைத்துத் தின்கிறார் என்று நாம் முடிவு செய்து, கொட்டகையில் வலைக் குவியலைக் கிளறித் தேடியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்றும் அகப்படவில்லை. கிராம்பைப் பல்லுக்கடியில் வைத்துக்கொள்ளவும் மனிதர்களுக்குக் காரணம் இருக்கும் என்பது நமக்குத் தெரியாது. பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் கரையின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. கட்டுமரங்கள் கடலில் இருக்கும்போது கரையில் யாரும் கன்னத்தில் கைவைத்து உட்காரக் கூடாது. அது இழவு கேட்டவர்கள் உட்காரும் விதம். மரம் கவிழ்ந்த செய்தி வந்த வீட்டில்தான் அப்படி உட்காருவார்கள். செய்தி வருமுன் உட்கார்ந்தால் அதை நாமே கூப்பிடுவதாகும். கைக்குழந்தை தூக்கக் கலக்கத்தில் கன்னத்தில் கை வைத்தாலும் தாய் பதறி எடுத்துவிடுவாள்.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு பெரியப்பாவின் இடக்கை அடிக்கடி இடக் கன்னத்துக்குப் போயிற்று. போகும்போதெல்லாம் யாராவது ஒருவர், "கைய எடு!" என்று கத்தினார்கள். அவர் கையை எடுத்துவிட்டுத் திட்டினார்.

மழை ஓய்ந்த ஒரு விடியலில் பக்கத்து வீட்டு மாமா தம் மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, மரம் எறங்கற நேரத்துல கன்னத்துல கை? எடு, எடு."

"என் கன்னம், என் கை. உனுக்கு இன்னாடா நோவுது? பேமானி! நீ வல மடிக்கிற லட்சணத்துக்கு மீனு வேற மாட்டுமா? உன் மூஞ்சியப் பாத்தா அதுவே மல்லாந்துகினு மெதக்கும். உங்கப்பன் காலத்துலேர்ந்து வெறுந்தண்ணிய அள்ளிகினு வர்ற கும்பல்தான நீங்க!"

அன்று பக்கத்து வீட்டு மாமாவின் வலை இறாலால் கனத்தது. மழைக்குப் பின் முகத்துவாரங்களிலிருந்து இறங்கும் இறால் அந்த வாரம் செய்யூர்ப் பக்கம்வரை எல்லாக் கரைக்கும் வந்தது. அதை எடுத்துச் சொல்ல நம் ஊரில் ஒருவரும் இல்லை. மாமா கூடையைத் தூக்கிக் காட்டி, "அண்ணாத்த வாய் பலிச்சிட்ச்சிடா!" என்றார். அது போதுமாயிருந்தது.

மறுநாளிலிருந்து, மரம் தள்ளப் போகும் முன் ஒவ்வொருவராகக் கொட்டகைக்கு வந்தார்கள். கை கன்னத்தில் இருந்தால் எடுக்கச் சொன்னார்கள். இல்லாவிட்டால் வலையைத் தாறுமாறாக அவர்முன் போட்டார்கள். பீடியைத் தவறான பக்கம் பற்றவைத்துக் காட்டினார்கள். வசவு கிடைத்ததும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நீண்ட வசவு வாங்கியவனுக்குப் பெருமீன் என்றும், ஒற்றைச் சொல் வாங்கியவனுக்குப் பொடிமீன் என்றும் கணக்காயிற்று. என் தந்தைக்குக் குறை.

"இன்னா அண்ணாத்த, கூடப் பொறந்தவனுக்கு இவ்ளோதானா? நேத்து அவனுக்குப் பாட்டன் வரைக்கும் போனியே?"

"உன் பாட்டன் எனுக்கும் பாட்டன்தானடா, கஸ்மாலம்!"

தந்தை அதையும் வசவாகக் கணக்கிட்டுக்கொண்டு மகிழ்ச்சியோடு கடலுக்குப் போனார்.

வெள்ளைக்காரப் பெண்மணி அந்நாட்களில்தான் வந்தார். மாமல்லபுரத்தில் தங்கிச் சிற்பங்களை வரைந்தவர். காலையில் நம் கரைக்கும் வருவார். கோயிலைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி ஒருவர் உடன் வருவார். பெரியப்பாவின் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு அவர் முகத்தை வரைந்தார். மணந்துகொள்ளக் கேட்கவுமில்லை, அழவுமில்லை. வரைந்து முடித்ததும் கீழே ஒரு சொல்லை எழுதினார். பக்கத்து வீட்டு மாமா, "இன்னா எழுதிகீது?" என்றார்.

"கிராஸ்பேட்ச்சாம்," என்றார் வழிகாட்டி. "அவுங்க ஊர்ல பழைய காலத்து வார்த்தையாம். எப்பவும் உர்ருனு கீறவங்கள வூட்டுக்குள்ள செல்லமா அப்படிச் சொல்வாங்களாம்."

"செல்லமா? இந்தாளயா?"

கரையே சிரித்தது. பிறகு படத்தைப் பார்த்து இன்னொரு முறை சிரித்தது.

"தாயீக்கு வரையத் தெரில. ஒரு கன்னம் இட்லி மாறி கீது, ஒரு கன்னம் தோச மாறி கீது," என்றார் மாமா.

வழிகாட்டி அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, பெண்மணி தம் கன்னத்தை உப்பிக் காட்டி ஏதோ சொன்னார். "கோவத்துல கன்னத்த உப்பி வெச்சிகினு கீறாராம். அதத்தான் வரைஞ்சிகீறாங்க," என்றார் வழிகாட்டி. ஆக, கண்ணுக்கு முன்னால் இருந்ததை அப்படியே வரைந்தவருக்கும் அது கோபமாகவே தெரிந்திருக்கிறது. ஒருவரை இன்னவர் என்று பெயரிட்டுவிட்டால், பிறகு அவர் முகத்தில் அந்தப் பெயரைத் தவிர வேறெதையும் யாரும் படிப்பதில்லை. பெண்மணி தாளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

தாளை என் தாய் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டினார். அன்று மாலை அடுப்படியிலிருந்து அவர் படத்தைப் பார்ப்பதும், கதவிடுக்கு வழியே பெரியப்பா உண்பதைப் பார்ப்பதுமாக இருந்தார். பெரியப்பா சோற்றை மெல்லவில்லை. கரைத்து, தலையை வலப்பக்கம் சாய்த்து விழுங்கினார்.

கணவனின் அண்ணனோடு என் தாய் நேரில் பேசமாட்டார். நம் வீடுகளில் அதுவே மரியாதை. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வார். நான் ஓரடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவிடம் சொல்வேன். இருவர் காதிலும் எல்லாம் நேராகவே விழும். ஆனாலும் நான் சொன்னால்தான் சொன்னதாகும்.

"உன் பெரீப்பாவக் கேளு, பல்லு வலிக்குதான்னு."

"பெரீப்பா, பல்லு வலிக்குதா?"

"வலிக்குதோ வலிக்கலியோ, உங்கம்மாவுக்கு இன்னா வந்துச்சி? கொழம்புல உப்பு கீதா பாக்கச் சொல்லு."

என் தாய் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் செங்கல்பட்டுக்குப் போய்த் தெருத்தெருவாக விற்பவர். அங்கே பெரிய மருத்துவமனை வாசலில் வீங்கிய கன்னங்களைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறார். பெரியப்பாவை அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று தந்தையிடம் சொன்னார். தந்தை, நாட்டாரைக் கேட்காமல் எப்படி என்றார். ஊர்ச் சபையின் தலைவரை நாட்டார் என்போம். நல்லது கெட்டது எல்லாம் அவர் சொற்படி. தன் அண்ணனுக்குப் பல்வலி என்று ஒரு மனிதன் ஊர்த் தலைவரிடம் அனுமதி கேட்கப் போனதை நீங்கள் யாரும் பந்தியில் சொல்வதில்லை. தந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

"பல்லுவலிக்கு எவனாவது பெரியாஸ்பத்திரிக்குப் போவானா?" என்றார் நாட்டார். "உப்பு ஒத்தடம் குடு. மாசி மகம் கழியட்டும், பாக்கலாம். இன்னா அவசரம்? பல்லப் புடுங்கினா நோவு பூடும். நோவு பூட்டா கோவம் பூடும். கோவம் பூட்டா எறா பூடும். யோசிச்சுப் பாரு நைனா."

இத்தனை ஆண்டுகளாக என்னை உறுத்துவது இந்தப் பேச்சுதான். அவர் அறியாமல் பேசவில்லை. வலியிலிருந்துதான் கோபம் பிறக்கிறது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் அந்த வலியை ஊர்ப் பொதுச்சொத்தாக்கி, அறுவடைவரை காத்துவைக்கச் சொன்னார். என் தந்தை யோசித்துப் பார்த்தார். யோசித்துவிட்டு, சரி என்றார்.

நாட்டார்மேல் துடுப்பு ஓங்கப்பட்டதா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. ஓங்கியிருக்கலாம்.

வீக்கம் தாடைக்கு இறங்கியது. பெரியப்பாவால் வாயைத் திறக்க முடியவில்லை. வசவுகள் மூக்கு வழியாக முனகலாக வந்தன. முனகல் வசவாகுமா ஆகாதா என்று கரையில் வழக்கு எழுந்தது. சொல் புரியாவிட்டால் பலிக்காது என்றது ஒரு கட்சி. முறைத்தாலே போதும், எண்ணம்தான் முக்கியம் என்றது மறு கட்சி. முறைப்பும் செல்லும் என்று நாட்டார் தீர்ப்பளித்தார். வளர்ந்த ஆண்கள், காய்ச்சலில் நடுங்கும் ஒருவர்முன் வரிசையாக வந்து நின்று, முறைப்பு வாங்கிக்கொண்டு போனார்கள்.

மாசி மகத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு முற்பகல், மரங்கள் போய்விட்டிருந்தன. பெரியப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக் காலில் சாய்ந்திருந்தார். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "கைய எடு பெரீப்பா, ஆம்பளைங்க கடல்ல கீறாங்க!" என்று கத்தினாள். அவர் கையை எடுத்தார். அவரது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அழுதாரா, காய்ச்சல் நீரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

என் தாய் கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராக அவர்முன் போய் நின்றார். நான் வழக்கம்போல நடுவில் ஓடிச்சென்று நின்றேன். என்னை ஒரு கையால் விலக்கினார்.

"எந்திரிங்க மாமா."

கரை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பெரியப்பாவும் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்திரிங்கன்னு சொல்றேன் இல்ல? திட்டறதா இருந்தா பஸ்ல குந்திகினு திட்டுங்க. ஊரு எறா விக்கட்டும்னு நீங்க கஞ்சி கூட எறங்காம சாவணுமா? நீங்க செத்தா, திட்டு வாங்க எவன் சுடுகாட்டுக்கு வரப்போறான்? இத்தினி நாளா ஊரையே திட்டினீங்களே, 'எனுக்கு நோவுது'ன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வர்ல? எந்திரிங்க!"

தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போனார் என்பது உங்கள் சேர்க்கை. பெரியப்பா தாமாகவே எழுந்தார். ஊன்றிக்கொள்ள என் தலையில் கை வைத்தார், அவ்வளவுதான்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்து. கூடையின் மீன் நாற்றத்துக்காக நடத்துநர் எங்களைப் பின்னிருக்கைக்கு அனுப்பினார். ஒவ்வொரு குழிக்கும் பெரியப்பா கண்ணை மூடினார். திருக்கழுக்குன்றம் தாண்டியபின் என் தாய், அப்போதும் நேராகவே, "எத்தினி நாளா?" என்றார்.

பற்களைத் திறக்காமலே அவர் சொன்னார்: "தீவாளிலேர்ந்து."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"யாரு கேட்டாங்க? அல்லாரும் கைய எடுன்னுதான சொன்னாங்க. நீ ஒருத்திதான் கேட்ட. அதுவும் புள்ளய வுட்டு."

செங்கல்பட்டு ஏரி கண்ணில் பட்டதும் தாய் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

மருத்துவர் விரலை அவர் கடிக்கவில்லை. கடிப்பதற்கு வாயைத் திறக்க வேண்டும். அது முடியாததுதானே நோய்? இன்னும் சில நாட்கள் விட்டிருந்தால் வீக்கம் தொண்டைக்கு இறங்கி மூச்சை அடைத்திருக்கும் என்றார் மருத்துவர். "இவ்வளவு நாள் வீட்ல என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று கடிந்துகொண்டார்.

"திட்டு வாங்கிகினு இருந்தோம், டாக்டர்," என்றார் என் தாய்.

சீழை வடித்து, காய்ச்சல் தணியும்வரை படுக்கவைத்து, பிறகு இடப்புறக் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். இடப்புறம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில நாட்கள் கழித்துத் திரும்பி வந்த மனிதரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "சாப்ட்டியா கண்ணு?" என்றார். நான் பயந்து தாயின் பின்னே ஒளிந்தேன். மறுநாள் விடியலில் பக்கத்து வீட்டு மாமா வழக்கம்போல வலையைத் தாறுமாறாகக் கொண்டுவந்து போட்டார். பெரியப்பா அதைப் பொறுமையாகப் பிரித்து மடித்துக் கொடுத்து, "பாத்துப் போய்ட்டு வா நைனா, காத்து ஒரு மாதிரி கீது," என்றார்.

"இன்னா அண்ணாத்த, வாழ்த்தற!" என்று மாமா அலறினார். "நான் உனுக்கு இன்னா துரோகம் பண்ணேன்?"

காற்று உண்மையிலேயே மாறியிருந்தது. இறால் காலம் எல்லா ஆண்டும் முடிவதைப் போலவே முடிந்துகொண்டிருந்தது. வலைகள் இலேசாக வந்தன. ஊர் காற்றைப் பார்க்கவில்லை. என் தாயைப் பார்த்தது. கரையில் மீன் பிரிக்கும்போது அவர் கூடையை நீட்டினால், எவரும் அதில் போடவில்லை. கூடையைத் தாண்டி அடுத்த கூடைக்குப் போனார்கள். தந்தையின் பங்கு கூடையின் அடியை மறைக்கவும் போதாது. மீன் இல்லாமல் செங்கல்பட்டுக்குப் போக முடியாது. செங்கல்பட்டுக்குப் போகாமல் எங்கள் வீட்டில் உலை வைக்க முடியாது. கூடை கூரையில் ஆணியில் தொங்கியது.

"ஒரு பல்லுக்காக ஊரப் பகைச்சிகினோம்," என்றார் தந்தை.

"பல்லுக்கா? ஆளுக்கு," என்றார் தாய்.

பெரியப்பா அப்போது வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, தொங்கிய கூடையைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். உள்ளே வந்து உண்டார். தாய் மீண்டும் அவருடன் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

மறுநாள் காலை, மரங்கள் இறங்கும் வேளையில், நாட்டார்முதல் எல்லோரும் கரையில் நின்றிருந்தார்கள், நீங்களும் இருந்தீர்கள். பெரியப்பா கொட்டகையைவிட்டு வெளியே வந்தார். கடலைப் பார்க்கும் மேட்டில், எல்லார் கண்ணிலும் படும்படி குந்தினார். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"அண்ணாத்த! கைய எடு!" பக்கத்து வீட்டு மாமாவின் குரலில் அச்சத்தைவிட ஆசை மிகுந்திருந்தது.

"எட்க்க மாட்டேன், இன்னாடா பண்ணுவ? சோமாறி! ஒரு பொம்பள கூடையில நாலு மீனு போடக் கை வர்ல, கன்னத்துல கீற கைய எடுக்கச் சொல்ல வந்துட்டான்! எவன்டா உங்களுக்கு வலை தெச்சிக் குட்த்தது? எவ வூட்டுக் கஞ்சிய குட்ச்சிட்டுடா நான் உங்களத் திட்டினேன்? நாட்டாரே, உன்னியத்தான்! மகம் மகம்னு சொன்னியே, என் கருமாதிக்கா நாள் பாத்த? அல்லாரும் கடல்லயே போய்க் கெடங்கடா, கரைக்கு வராதீங்க, உங்க மூஞ்சில முழிக்க எனுக்குப் பிடிக்கல!"

பாட்டன்களுக்குப் போனார், அவர்களுக்கும் முந்தியவர்களுக்குப் போனார். நாட்டார் பெயர் சொல்லி வசவு வாங்கியது அதுவே முதன்முறை. அவர் கைகூப்பி வாங்கிக்கொண்டார். மரங்கள் கூச்சலோடு அலையில் இறங்கின.

அன்று பெரிய மீன்பாடு என்று சொல்கிறீர்கள். இல்லை, சுமாராகத்தான் இருந்தது. ஆனால் மரம் திரும்பியதும் பக்கத்து வீட்டு மாமா முதல் கை மீனை என் தாயின் கூடையில் போட்டார். பிறகு மற்றவர்களும் போட்டார்கள். தாய் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, மேட்டைப் பார்க்காமலே என்னிடம், "உன் பெரீப்பாவ வூட்டுக்குப் போய்க் கஞ்சி குடிக்கச் சொல்லு," என்றார். நான் போய்ச் சொன்னேன். "ஆறிப்போன கஞ்சிய எவன் குடிப்பான்?" என்றார். போய்க் குடித்தார்.

அதன்பின் இறக்கும்வரை அவர் சிடுமூஞ்சியாகவே இருந்தார். அந்தப் படம் கூரை மாற்றியபோது எங்கோ போயிற்று, தேடியும் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரியாமல் எஞ்சியிருப்பது ஒன்றே. பிடுங்கப்பட்டது இடப்புறப் பல். அன்று காலை அந்த மேட்டில் அவர் கை இருந்தது வலக் கன்னத்தில். அருகில் நின்று பார்த்தேன், இதில் ஐயமில்லை. அந்தக் கன்னத்தில் வலி இருந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை.